கண்டவர் பங்கு

கிணத்தண்ணனுக்குக் கடல் பிடிக்காது. முப்பத்தோரு வருஷம் கடலில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு இப்படித் தொடங்குவது அவ்வளவு நன்றாக இல்லைதான். என்ன செய்ய, உண்மை அதுதான். துறைமுகத்தின் பெரிய இழுவைப் படகில் அவர் என்ஜின்காரர். தானாக நகர முடியாத கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்க்கிற படகு அது. மேல்தளத்திலிருந்து பதினான்கு படி இரும்பு ஏணியில் இறங்கினால் என்ஜின் அறை. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் தட்டளவு வானம் தெரியும், அவ்வளவுதான். அதனால் படகில் எல்லோரும் அந்த அறையைக் கிணறு என்பார்கள். கிணற்றிலேயே கிடப்பவர் கிணத்தண்ணன். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பஸ் பட்டறையில் தொழில் கற்றவர். கல்யாணம் நிச்சயமானதும், பட்டறைச் சம்பளத்தில் குடித்தனம் நடத்த முடியாது என்று யாரோ சொல்ல, படகு வேலைக்கு வந்தார். முதல் ஆறு மாதம் குடலே வாய்க்கு வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கீழே இறங்கினால் வாந்தி வரும், மேலே காற்றுப் பட்டால் நிற்கும். இவருக்கு எல்லாம் தலைகீழ். அலையைக் கண்ணால் பார்த்தால்தான் புரட்டும். பார்க்காத வரைக்கும் ஒன்றும் இல்லை. ஆகவே கிணறே கதி என்று இருந்துவிட்டார்.

இன்னொன்றும் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பொய் சொல்ல வராது. வராது என்றால், அதை ஒரு பெருமையாக வைத்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம் இல்லை. சில பேருக்கு விசிலடிக்க வராது இல்லையா, அந்த மாதிரி வராது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், "குடிப்பழக்கம் உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டிருக்கிறார். யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டுப் பலகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன மாசம் ரெண்டு தடவை" என்றார். உள்ளே இருந்த பெண் சிரித்த சத்தம் கூடம் வரை கேட்டது. கல்யாணம் நடந்தது அந்தச் சிரிப்பினால்தான்.

கிணற்றை விட்டு ஏறாத இந்த மனிதரையும் மேலே ஏற வைத்த வழக்கம் ஒன்று படகில் இருந்தது. நடுக்கடலில் என்ஜின் நின்று, ஆள்கள் உயிர் பிழைக்க இறங்கிப்போன பிறகு, காற்று இழுத்த இழுப்புக்கு மிதந்துகொண்டிருக்கும் கப்பலைப் பிடித்துக் கொண்டுவந்தால், அதன் சொந்தக்காரர்கள் கம்பெனிக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதி படகின் ஆள்களுக்கு வரும். அதற்குப் பரிசுப் பணம் என்று பெயர். ஆனால் எல்லோருக்கும் வராது. கயிறு மாட்டிய வேளையில் அந்தக் கப்பலைத் தன் கண்ணால் கண்டவருக்குத்தான் பங்கு. கண்டவர் மேல்தளத்து நோட்டில் தன் பெயருக்கு எதிரே 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கம்பெனிக் கூடத்தில் தொங்கும் கறுப்புப் பலகையில், கப்பலின் பெயரும் அதன் கீழே கண்டவர் பெயர்களும் வெள்ளை எழுத்தில் ஏறும். கரையில் இருப்பவர்கள் இதைக் கேட்டால், கண்டவனுக்கெல்லாம் காசா என்று சிரிப்பார்கள். ஆமாம், கண்டவனுக்கெல்லாம்தான். காணாதவனுக்குத்தான் இல்லை.

இந்தக் கிறுக்கு விதி எங்கிருந்து வந்தது என்று கம்பெனியின் தலைமை எழுத்தரிடம் ஒருமுறை கிணத்தண்ணன் கேட்டார். எழுத்தரை நோட்டுக்காரர் என்பார்கள். பழைய நோட்டு எதையாவது மடியில் வைத்துக்கொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்காது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கிடந்த மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

"பரிசுன்னா நீங்க என்ன நினைக்கிறீங்க? ஓட்டப் பந்தயத்துல முதல்ல வந்த பிள்ளைக்குக் குடுக்கற கப்பு. அப்படித்தானே? கப்பல்காரங்க கிட்ட அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற. பரிசுன்னா பிடிச்சது. இன்னும் பச்சையாச் சொன்னா, பிடுங்கினது."

"யார்கிட்ட?"

"எதிரிகிட்ட. அந்தக் காலத்துல பீரங்கி வெச்ச கப்பலெல்லாம் எதிரி நாட்டுச் சரக்குக் கப்பலை மடக்கும். மடக்கிக் கரைக்குக் கொண்டு வந்து, கோர்ட்ல நிறுத்தி, இது நியாயமாப் பிடிச்சதுதான்னு தீர்ப்பு வாங்கி, கப்பலையும் சரக்கையும் ஏலம் விட்டு, பங்கு போட்டுப்பாங்க. கேப்டனுக்குக் கொழுத்த பங்கு. கயிறு இழுக்கறவனுக்குச் சில்லறை."

"கொள்ளையடிச்சதுக்குக் கோர்ட்டா?"

"கோர்ட் இருந்தா பரிசு. கோர்ட் இல்லன்னாதான் கொள்ளை." நோட்டுக்காரர் தன் பேச்சைத் தானே ரசித்தார். "இதுல வேடிக்கை கேளுங்க. சண்டை நடக்கறப்ப தூரத்துல இவங்க கப்பல் இன்னொண்ணு நின்னா, அதுக்கும் பங்கு. ஒரு குண்டு போட வேணாம். கண்ணுக்கு எட்டுற தூரத்துல நின்னாப் போதும். அது நிக்கறதைப் பாத்தே எதிரிக்குத் தைரியம் போயிடும்ல, அதுக்காக."

"அப்ப சண்டை போட்டவனுக்கும் பங்கு, வேடிக்கை பாத்தவனுக்கும் பங்கு."

"அதேதான். நம்ம கம்பெனியை ஆரம்பிச்சவங்களோட பெரியவங்க அந்தக் கப்பல்ல இருந்தவங்களாம். பீரங்கி போயிடுச்சு. எதிரியும் போயிட்டான். விதி மட்டும் நோட்டுல உக்காந்துடுச்சு."

கிணத்தண்ணனுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. "நாம யார்கிட்டயும் பிடுங்கலியே, முழுகப் போறதைத்தானே இழுத்துட்டு வர்றோம்" என்று வீட்டில் இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "அப்ப வர்ற பணத்தை வேணாம்னு சொல்லிடறீங்களா?" என்று அவர் மனைவி கேட்டதும் முணுமுணுப்பு நின்றது.

கயிறு மாட்டியதும், மேல்தள ஆள்களுக்குத் தலைவரான கயிற்றுக்காரர் ஏணித் துவாரத்தில் தலையை விட்டு, "கிணத்தண்ணே, பாக்க வாங்க!" என்று கத்துவார். கிணற்றில் வேலை பார்க்கும் இரண்டு பேரும் என்ஜினைத் தனியாக விட்டுச் சேர்ந்து ஏறக்கூடாது. ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் அடுத்தவர். கிணத்தண்ணன் கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி ஏறுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுவார். கையெழுத்துப் போடுவார், இறங்குவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பெரிசாத்தான் இருக்கு" என்பார். முப்பது வருஷத்தில் ஒன்பது கப்பல்கள். ஒன்பதுக்கும் அதே மூன்று எண்ணிக்கை, அதே வார்த்தை.

அவரோடு கிணற்றில் இருந்த இன்னொருவர் அவருடைய மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி. என்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. இருபத்திரண்டு வயதில் அக்கா புருஷனின் பின்னால் படகுக்கு வந்து, நாற்பத்து நான்கு வயதுவரை அதே ஏணியில் ஏறி இறங்கியவர். குணத்தில் நேர் எதிர். பார்க்கப் போனால் லேசில் இறங்க மாட்டார். "டேய், கீழ நான் ஒத்தையா நிக்கறேன்" என்று கிணத்தண்ணன் தொண்டை கிழியக் கத்தினால்தான் கால் படியில் படும். கப்பலின் நிறம், எந்த இடத்தில் துரு, பெயரில் எந்த எழுத்து உதிர்ந்திருக்கிறது, கொடியில் யாருடைய சட்டை காயப்போட்டபடியே கிடக்கிறது, எல்லாம் அவருக்கு வேண்டும். வீட்டுக்குப் போனதும் அதையெல்லாம் மனைவியிடம் ஒன்று விடாமல் சொல்வார். அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்புத் தேய்க்கிறவள். கப்பல் பக்கமே போனதில்லை. புருஷன் சொல்லச் சொல்ல, கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். "பணம் வர ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். கதையாவது கையோட வரட்டும்" என்பாள்.

பத்தாவது கப்பல் வந்தது ஒரு புயலுக்குப் பிறகு. அதுவரை பிடித்ததிலேயே பெரியது. இன்னும் மூன்று மணி நேரம் விட்டிருந்தால் பாறையில் ஏறியிருக்கும். காலை ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கயிறு மாட்டினார்கள். படகின் இரண்டு என்ஜின்களும் முழு மூச்சில் இழுத்தன. "கிணத்தண்ணே, பாக்க வாங்க!" என்ற சத்தம் வந்தது.

"நீங்க முதல்ல போங்க அத்தான்" என்றார் மச்சினன். "நீங்க மூணு எண்றதுக்குள்ள வந்துருவீங்க. நான் போனா நேரமாகும். அப்புறம் கத்துவீங்க."

கிணத்தண்ணன் ஏறினார். நோட்டில் 'கண்டேன்' என்று எழுதினார். கப்பலைப் பார்த்தார். மூன்று எண்ணினார். நியாயமாக அப்போதே அவர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. கயிறு சுற்றும் உருளைக்குப் பின்னால், யார் வழியிலும் படாமல் நின்றுகொண்டிருந்தார். மேலே இருந்தவர்களுக்குக் கயிற்றின் மேல்தான் கண். அவரை யாரும் கவனிக்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக இல்லாத ஆசை அன்றைக்கென்று ஏன் வந்தது என்று பிறகு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. என்ன பார்த்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது வர வேண்டிய இடத்தில் வரும்.

ஏழு பதினேழுக்கு ஏணித் துவாரத்திலிருந்து கரும்புகை வந்தது. இடது என்ஜினுக்கு எண்ணெய் போகிற குழாய் வெடித்து, சூடான என்ஜின் மேல் எண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்திருந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் வால்வை மூட வேண்டும், இன்னொருவர் தீயணைக்கும் சிலிண்டரை எடுக்க வேண்டும். அதற்காகத்தான் கிணற்றில் இரண்டு பேர். மச்சினன் ஏணிக்கு ஓடியிருக்கலாம், நாலு எட்டு தூரம்தான். ஓடியிருந்தால் தீ வலது என்ஜினுக்கும் பரவி, படகு செத்து, இழுக்கிற கப்பலோடு சேர்ந்து பாறைக்குப் போயிருக்கும். மேலே இருந்தவர்கள் கிணத்தண்ணனையும் சேர்த்துப் பதினொரு பேர். அவர் ஓடவில்லை. நெருப்பைத் தாண்டிப் போய் வால்வை மூடினார். பிறகு சிலிண்டரை எடுத்துத் தீயையும் அணைத்தார். எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்து முடித்தார். அதற்குள் புகை அவரை முடித்துவிட்டது.

ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிணத்தண்ணன்தான் முதலில் இறங்கினார். மச்சினன் வால்வுக்குப் பக்கத்தில் கிடந்தார். தூக்கிய கைகள் வெந்தன. மேல்தளத்தில் கிடத்தித் தட்டினார்கள், கூப்பிட்டார்கள், மூச்சு ஊதினார்கள். கண் திறக்கவே இல்லை. வலது என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, கயிறும் தொய்யவில்லை. பெரிய கப்பல் ஒரு சிராய்ப்பு இல்லாமல் அவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதி வைத்தார்: கயிறு மாட்டியது ஏழு ஐந்து, புகை வந்தது ஏழு பதினேழு. இரண்டு கைகளிலும் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம், "நீங்க எப்ப மேல வந்தீங்க?" என்று கேட்டார். "கவனிக்கல சார்" என்றார் கிணத்தண்ணன். அதுவே பாதிப் பொய்தான். முழுப் பொய் பதினான்கு மாதம் கழித்து வந்தது.

அந்தப் பதினான்கு மாதமும் அவர் வேலைக்குப் போகவில்லை. கைகள் ஆறிவிட்டன, விரல்கள் மட்டும் முழுதாக மடங்கவில்லை. மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள்.

"ஏங்க, என் தம்பி அந்தக் கப்பலைப் பாத்தானா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் மறுபடியும் கேட்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவளே வாய் மூடி இருக்க, அவர் யாரிடம் போய் அழ முடியும்? பம்பரம் மாதிரி அந்தப் பன்னிரண்டு நிமிஷம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பரிசுப் பணம் தீர்மானமாகி வந்தபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. நோட்டில் மச்சினன் பெயருக்கு எதிரே வெறும் கோடு. கையெழுத்து இல்லை. காணாதவனுக்குப் பங்கும் இல்லை, பலகையில் பெயரும் இல்லை. இறந்துபோனதற்கான நஷ்ட ஈடு என்று கம்பெனி ஏற்கெனவே ஒன்று கொடுத்திருந்தது. அது வேறு, இது வேறு என்றார் நோட்டுக்காரர். அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கிணத்தண்ணன் மச்சினன் வீட்டுக்குப் போய், தன் பங்கை அப்படியே தருவதாகச் சொன்னார். மச்சினனின் மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். வீட்டில் மச்சினன் மனைவி ஒருத்தி சம்பாத்தியம்தான். வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தார்.

"உங்க பங்கு எனக்கு எதுக்கு அண்ணே?" என்றாள் அவள். புருஷனின் அக்கா கணவர் அவளுக்கு அண்ணன் முறை. "அவர் பங்கு உண்டுன்னா குடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா வேணாம். பணம் இல்லாமகூடச் சமாளிச்சுப்பேன். அந்தக் கப்பலைக் கொண்டாந்தவங்க பேரை எல்லாம் எழுதி வெச்சுட்டு, அவர் பேரை மட்டும் விட்டா, அவர் அன்னைக்கு அங்க இல்லவே இல்லன்னு ஆகிடும்ல?"

பங்கு பிரிப்பதற்கு முதல் நாள் கயிற்றுக்காரர் வீடு தேடி வந்தார். மிச்சம் இருந்த பத்துப் பேரும் பேசி வைத்துவிட்டார்களாம். ஒரு பங்கு குறைந்தால் மற்றவர்கள் பங்கு கொஞ்சம் கூடும். அது வேண்டாம் என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்களாம். சண்டைக்கார ஆள்கள்தான், ஆனால் மனசு அப்படி.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் அண்ணே. கிணத்துல அவரோட இருந்தது நீங்க ஒருத்தர்தான். அவர்தான் முதல்ல மேல வந்தார், பாத்துட்டு இறங்கினார், அவசரத்துல கையெழுத்துப் போடல, அப்புறம்தான் நீங்க ஏறினீங்க. அவ்வளவுதான். நீங்க சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்." கயிற்றுக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அந்தப் பன்னெண்டு நிமிஷத்துக்கும் கணக்கு வந்துரும். அவர் நின்னு பாக்கற ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும்தானே."

கயிற்றுக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தப் பொய் மச்சினனுக்குப் பங்கு வாங்கிக் கொடுக்கும். அதே பொய் கிணத்தண்ணனையும் கழுவித் துடைத்து வெளியே விட்டுவிடும். நின்றவர் இவர். நின்றதாக ஊர் நம்பப்போவது செத்தவரை. உண்மையைச் சொன்னால் அவமானம் இவருக்கு, நஷ்டம் அவளுக்கு. இப்படியும் அப்படியும் புரண்டு பார்த்தார். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது.

மறுநாள் கம்பெனிக் கூடத்தில் நீள மேஜை போட்டிருந்தார்கள். படகின் கேப்டன் ஒவ்வொரு பெயராகப் படித்தார். அவரவர் எழுந்து "கண்டேன்" என்றார்கள். கடைசி வரிசையில் கிணத்தண்ணன் மனைவியும் மச்சினன் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் கப்பலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, கீழே பெயர்கள் எழுத, பெயின்ட் டப்பாவோடு ஒருவர் ஓரமாகக் காத்திருந்தார். மச்சினன் பெயர் வந்ததும் கேப்டன் நிறுத்தினார்.

"கையெழுத்து இல்ல. சாட்சி இருக்கா?"

கிணத்தண்ணன் எழுந்தார்.

"கண்டான்" என்றார்.

"யார் முதல்ல மேல வந்தது?"

"அவன்தான். வழக்கம்போல நின்னு பாத்துட்டு வந்தான். அப்புறம் நான் ஏறினேன்."

நோட்டுக்காரர் பேனாவைத் திறந்து எழுதினார். கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆசை தீரப் பாத்துட்டாவது போனானே" என்று யாரோ சொன்னார்கள். கயிற்றுக்காரர் இவர் தோளைத் தொட்டார். கிணத்தண்ணன் உட்கார்ந்தபோது, படகுக்கு வந்த அந்த முதல் வாரம் மாதிரியே தரை ஆடியது.

வெளியே வாசலில் மச்சினன் மனைவி அவருக்காக நின்றிருந்தாள். அழுது முடித்த முகம், ஆனால் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

"அண்ணே, அப்ப கீழ இறங்கினதும் உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாரே. அவரால சொல்லாம இருக்கவே முடியாதே. என்ன சொன்னாரு?"

பொய் சொல்லிப் பழகியவனாக இருந்தால் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருப்பான். கிணத்தண்ணன் எதிர்பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

நாலு நாள் இருந்தது. நாலு நாளில் ஒரு கதையைத் தயார் பண்ணிக்கொள்ள முடியாதா? அதுவும் வெறும் கதை இல்லை. பார்த்தது எல்லாம் அவரிடமே இருக்கிறது. 'நான் பார்த்தேன்' என்பதை 'அவன் சொன்னான்' என்று மாற்றினால் தீர்ந்தது. அவளுக்கு ஆயுசுக்கும் அது போதும். சனிக்கிழமை மதியம் வரைக்கும் அப்படித்தான் செய்வதாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது அவள் வீட்டுத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே அறை. முன்னறையில் மேஜை மேல் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி. வாரம் முழுக்க அதே வேலை செய்கிறவள் லீவு நாளிலும் அதையே செய்கிறாளே என்று அவருக்குத் தோன்றியது. ஆணியில் மச்சினனின் சட்டை ஒன்று தேய்த்து மாட்டியிருந்தது.

"சொல்லுங்க அண்ணே" என்றாள்.

அவர் உட்காரவில்லை.

"அவன் மேல வரவே இல்லம்மா. நான்தான் முதல்ல போனேன். என்னை அனுப்பிச்சது அவன்தான். நீங்க மூணு எண்றதுக்குள்ள வந்துருவீங்கன்னான். நான் வரல. பன்னெண்டு நிமிஷமும் அங்கதான் நின்னுட்டு இருந்தேன். வேடிக்கை பாத்துட்டு இருந்தேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"நின்னு பாத்துட்டு வந்தான்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே."

"சொன்னேன்."

"நின்னது நீங்க. பேர் அவருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கே நோட்டுக்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்மா."

"சொல்லி? அவர் பேரை அழிக்கவா?" அவள் குரல் உயர்ந்தது. "வேண்டாம். அந்தப் பலகையில அவர் பேரு இருக்கும். நீங்க சொன்ன பொய்க்காக அது வரல, அவர் மூடின வால்வுக்காக வந்தது. நான் அப்படித்தான் நினைச்சுப்பேன். நீங்க சொன்ன பொய் இருக்கே, அதை நீங்களே வெச்சுக்கோங்க. உங்க பங்கு அதுதான்."

அவர் தலையாட்டினார். போய்விடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.

"உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. எப்ப ஆறும்னு தெரியாது. ஆறாமயே போனாலும் போகும். அக்காவுக்காகக்கூடப் பொய்யாச் சிரிக்க என்னால முடியாது." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஆனா ஒண்ணு. அவர் இருந்து, பாத்துட்டு வந்திருந்தா, எனக்குச் சொல்லியிருப்பார். அவர் நேரத்தையும் சேத்து நீங்கதான் பாத்தீங்க. அப்ப நீங்கதான் எனக்குச் சொல்லணும். அப்படி என்னத்தைப் பாத்தீங்க?"

கிணத்தண்ணன் வாயைத் திறந்தார். "பெரிசாத்தான்..." என்று தொடங்கி, வெட்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"முதல்லருந்து சொல்லுங்க. என்ன கலரு?"

"கீழ சிவப்பு. மேல வெள்ளை. வெள்ளைன்னா, பழசான வெள்ளை. நங்கூரம் இறங்கற ஓட்டையிலருந்து துரு ஒழுகி, நீளமா மூணு கோடு." மெல்ல மெல்ல வார்த்தை வந்தது. "பேர்ல நடுவுல ஒரு எழுத்து இல்ல. சமையல் ரூம் ஜன்னல் திறந்தே கிடந்துச்சு. உள்ள ஒரு திரை, நீலக் கலரு, காத்துல வெளிய வந்து வந்து போச்சு. ஆளே இல்ல. ஆனா கப்பல் முழுக்கப் பறவை."

"பறவையா?"

"புயல்ல அடிச்சுட்டு வந்ததுங்க போல. நூறு, இருநூறு, எனக்கு எண்ணத் தெரியல. கைப்பிடிக் கம்பி, புகைபோக்கி, கயிறு, எங்க பாத்தாலும் உக்காந்திருந்துச்சுங்க. சத்தமே இல்ல. எல்லாம் ஒரே பக்கமா மூஞ்சியை வெச்சுட்டு, களைச்சுப் போய் உக்காந்திருந்துச்சுங்க. நம்ம கயிறு இறுகினதும் கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கிச்சு. அவ்வளவும் ஒரே நேரத்துல மேல எந்திரிச்சிருச்சு. வெயில் அப்பதான் வந்துச்சு. எல்லாம் சேந்து கப்பலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. எனக்கு அலையே தெரியலம்மா. குமட்டவே இல்ல. முப்பத்தோரு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் கடலைப் பாத்தேன்."

அவள் கையில் இருந்த துணியை மேஜை மேல் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் சொல்லும்போதும் இப்படித்தான் கேட்டிருப்பாள் என்று அவருக்குப் புரிந்தது.

"அப்புறம்? திரும்பி வந்து உக்காந்துச்சுங்களா?"

"தெரியாதும்மா" என்றார் கிணத்தண்ணன். "அதைப் பாக்கத்தான் நின்னுட்டு இருந்தேன்."